வெள்ளவத்தைக் கோப்பிக்கடை: அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரே பதிலை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். கடையை நடத்துவது நானும் தங்கச்சியும், குசினியில் நிற்கும் அண்ணாவும். எழுதுவது நான் என்பதால் தங்கச்சிக்கு உடன்பாடில்லாத பதில்களும் இதில் இருக்கும்.

கடை எங்கே இருக்கிறது?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். பெயர்ப்பலகை சின்னது, அதையும் பக்கத்து வீட்டுக் காகிதப்பூச் செடி பாதி மறைத்துவிட்டது. ஓட்டோக்காரரிடம் கடையின் பெயரைச் சொல்லாதீர்கள், "அந்தப் பழைய லொட்ஜ்" என்று சொல்லுங்கள், கொண்டுவந்து விடுவார்.

ஒன்றும் வாங்காமல் உட்காரலாமா?

உட்காரலாம். இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதுவும் வாசலில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

இந்தக் கட்டடம் லொட்ஜாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்கள் இங்கே தங்கினார்கள். விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், ஏஜென்சிக்காரன் இன்றைக்கு எடுப்பான் நாளைக்கு எடுப்பான் என்று டெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். அவர்களிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஏன் வந்தீர்கள், எத்தனை நாள் நிற்பீர்கள்? போர் நடந்துகொண்டிருந்த 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி பொலிஸார் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழரை விடிய முன்னரே எழுப்பி, சாமான் கட்ட அரை மணித்தியாலம்கூடச் சரியாகக் கொடுக்காமல் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது, சிலர் திரும்பியும் வந்தார்கள். ஆனால் கொழும்பில் இருப்பதற்கு ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. நாங்கள் படித்த காலத்தில் நாலு பொடியன்கள் சந்தியில் நின்று கதைத்தாலே வீட்டிலிருந்து யாராவது ஓடிவந்து உள்ளே வரச் சொல்வார்கள்.

அதனால் கடையைத் திறந்த அன்று எடுத்த ஒரே முடிவு, உள்ளே வருகிறவரிடம் "என்ன அலுவலாக வந்தீர்கள்" என்று கேட்பதில்லை என்பதுதான். தண்ணீர் இலவசம். புத்தக அலுமாரி பூட்டுவதில்லை. சனிக்கிழமை பின்னேரம் ஆட்கள் நிறைந்துவிட்டால் மட்டும் எழும்பிக் கதிரையைக் கொடுங்கள். ஒரு பிளேன்டீயோடு நாலு மணித்தியாலம் இருந்தால் தங்கச்சி முறைப்பாள். அது பழகிவிடும்.

கோப்பியா, காபியா?

கோப்பி. தமிழ்நாட்டிலிருந்து வருகிற நண்பர்கள் சிரித்துவிட்டு "காபி" என்று திருத்துவார்கள். அவர்கள் சிரிக்கட்டும். பித்தளை வடிகட்டியில் இறக்கிய டிகிரி காபி குடிக்க ஆசையென்றால் காலி வீதியில் நல்ல சைவக் கடைகள் இருக்கின்றன, நாங்களும் அங்கே போய்த்தான் குடிக்கிறோம்.

இலங்கை என்றால் தேயிலைதானே, ஏன் கோப்பிக்கடை?

தேத்தண்ணியும் உண்டு. ஆனால் தேயிலைக்கு முன்னால் இந்தத் தீவை ஆட்டி வைத்தது கோப்பிதான். 1820களில் கம்பளைப் பக்கம் தோட்டம் போட ஆரம்பித்தார்கள், 1830களுக்குப் பிறகு மலை மலையாகக் காட்டை வெட்டி நட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது முதலில் கோப்பிப் பழம் பறிக்கத்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை வரை நடந்தே போனார்கள், வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை.

1869இல் இலைத்துரு நோய் வந்தது. இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் மாதிரிப் படியும், இலை உதிரும், இரண்டு மூன்று வருஷத்தில் மரம் காய்க்காது. ஒரே பயிரை மலை முழுக்க நெருக்கி நட்டிருந்ததால் காற்றுக்கு வேலை சுலபமாகப் போய்விட்டது. பூஞ்சைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ், அது வாயில் நுழையாத துரைமார் அதை "நாசக்கார எமிலி" என்று திட்டினார்களாம். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் வந்து நோய் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்தார், ஆனால் அதற்குள் காரியம் கைமிஞ்சிவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலை அப்போதுதான் கைகொடுத்தது. லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) அதே லயம், ஆட்கள் அதே ஆட்கள். பறித்தது மட்டும் கொழுந்து.

சனிக்கிழமை வாசிப்புக்கு ஒரு தம்பி வருவான், மலையகத்தில் ஹட்டன் பக்கம், இங்கே துணிக்கடையில் வேலை. ஒருநாள் அவனிடம் இந்தக் கதையை ஏதோ புதிதாகச் சொல்வது போல நான் அளந்துகொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்கா, எங்க அம்மாச்சி வீட்டுக்குப் பின்னால இன்னும் ரெண்டு கோப்பி மரம் நிக்குது, கொட்டை வேணுமா?" என்றான். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு பை வருகிறது. அது வந்த வாரம் பலகையில் எழுதிப்போடுவோம், இரண்டு நாளில் முடிந்துவிடும்.

சுக்குக் கோப்பியை எப்படிப் போடுகிறீர்கள்? வீட்டில் அந்த ருசி வருவதில்லையே?

மல்லியைக் கருக விட்டிருப்பீர்கள். அரைக் கிலோ கோப்பிக் கொட்டைக்கு ஒரு கை கொத்தமல்லி, இரண்டு விரல் நீளச் சுக்கு, கொஞ்சம் மிளகு. எல்லாவற்றையும் ஒன்றாகத் தாச்சியில் கொட்டக்கூடாது. கோப்பிக் கொட்டை கறுத்து, மேலே எண்ணெய் மினுங்கும் வரை நிற்கும். மல்லி வாசம் வந்தவுடன் இறக்க வேண்டும், ஒரு நிமிஷம் பிந்தினால் முழுத் தூளும் கைத்துப்போகும். சுக்கை அம்மியில் தட்டிவிட்டு அரையுங்கள், இல்லாவிட்டால் மிக்ஸியின் பிளேட் போய்விடும் (எங்களுக்குப் போயிருக்கிறது, இரண்டு தடவை).

தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் தூளைப் போட்டு, ஒரு பொங்கு பொங்கியதும் அடுப்பிலிருந்து இறக்கி மூடி வையுங்கள். பிறகு ஒரு தேக்கரண்டி பச்சைத் தண்ணீரை மேலே தெளியுங்கள், மண்டி கீழே போய்விடும். சீனி வேண்டாம், பனங்கட்டியை ஒரு துண்டு கடித்துக்கொண்டு குடியுங்கள். பனங்கட்டியைக் கோப்பிக்குள் போட்டுக் கலக்கித் தரச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தருகிறோம்.

ஒரு அங்கிள் முதல் வாய் குடித்துவிட்டு "செத்தவீட்டுக் கோப்பி மாதிரியே இருக்கு பிள்ளை" என்றார். அண்ணா முகம் சுருங்கிப் போனார். எனக்கு அது பாராட்டு. இராமுழுக்க விழித்திருக்கிற சனத்துக்கு, யார் எவர் என்று பாராமல் பெரிய கேத்தில் கேத்திலாக ஊற்றிக் கொடுக்கிற கோப்பிதானே அது.

சனிக்கிழமை வாசிப்பில் யார் வாசிக்கலாம்? முன்பதிவு வேண்டுமா?

யாரும் வாசிக்கலாம். மாலை ஆறரைக்குத் தொடங்கும், ஆறு மணிக்கு வந்து கல்லாவில் இருக்கும் கொப்பியில் பெயரை எழுதினால் போதும். (கொப்பி வேறு, கோப்பி வேறு. ஒருவர் உண்மையாகவே கோப்பிக் கோப்பைக்குள் பெயர் எழுதிய துண்டைப் போட்டிருந்தார்.) ஒருவருக்கு ஏழு நிமிஷம். கவிதை, சிறுகதையின் ஒரு பகுதி, நாட்குறிப்பு, கடிதம், எதுவும்.

இரண்டு விஷயம் மட்டும். முடிக்காத எழுத்தைக் கொண்டுவாருங்கள்; முடித்து அச்சடித்ததை வாசிக்க இந்த ஊரில் வேறு மேடைகள் நிறைய உண்டு. அடுத்தது, கேட்கிறவர்கள் "அருமை", "சிறப்பு" என்று சொல்லக்கூடாது. எந்த வரி மனதில் நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு வரியும் நிற்கவில்லை என்றால் பேசாமல் இருக்கலாம். ஆரம்பத்தில் இது சிலருக்குக் கொடுமையாக இருந்தது, கவியரங்குகளில் கைதட்டு வாங்கிப் பழகிய ஒரு ஐயா இரண்டு மாதம் வரவேயில்லை. பிறகு வந்தார், இப்போது எல்லோரையும்விட அதிகமாகத் திருத்துவது அவர்தான்.

ரயில் போகும்போது வாசிக்கிறவர் நிறுத்த வேண்டும். கடலோரப் பாதை எங்கள் யன்னலுக்கு அவ்வளவு பக்கம், கத்தினாலும் கேட்காது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் அம்மாவின் தையல் மெஷினைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது பாதியில் ரயில் வந்துவிட்டது. காத்துக்கொண்டு நின்றார். ரயில் போனதும் பென்சிலை எடுத்து அடுத்த வரியை அடித்துவிட்டு, "இது இல்லாமலே சரிதான்" என்று சொல்லிவிட்டு அதற்கடுத்த வரியிலிருந்து வாசித்தார். எனக்கு இந்தக் கடையில் பிடித்த நிமிஷம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

என் புத்தக வெளியீட்டை உங்கள் கடையில் வைக்கலாமா?

வேண்டாம். கோபிக்காதீர்கள். வெளியீடு என்றால் மங்கல விளக்கு வேண்டும், தமிழ்த்தாய் வாழ்த்து வேண்டும், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, நயப்புரை, பொன்னாடை, முதற்பிரதி வாங்க ஒரு முதலாளி, அவருக்குப் பின்னால் என்வலப்போடு வரிசையாக வருகிற சொந்தக்காரர்கள். நான் அதைக் கேலி செய்யவில்லை, அந்த என்வலப்தான் எத்தனையோ பேருக்கு அச்சகக் கடனை அடைத்திருக்கிறது. ஆனால் எங்களிடம் இருப்பது இருபத்தாறு கதிரை, அதில் மூன்று ஆடும். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது, மண்டபமும் நூலகமும் உண்டு, இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் பக்கத்தில்தான். அங்கே வையுங்கள், நாங்கள் வருகிறோம். புத்தகம் வந்து ஒரு மாதம் கழித்து இங்கே வந்து, வெளியீட்டில் யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். அதற்கு ஒரு வியாழக்கிழமை தருவோம்.

சுவரில் ஓவியம், புகைப்படம் மாட்டலாமா? எவ்வளவு வாடகை?

வாடகை இல்லை. விற்றால் நூற்றுக்கு இருபது கடைக்கு. விற்காவிட்டால் ஒன்றுமில்லை, பெரும்பாலும் விற்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடல் காற்று பெரிய பிரச்சினை. உப்பும் ஈரமும் சேர்ந்து ஆணியைத் துருவாக்கும், கடதாசியில் ஒரு மாதத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கும். முதல் வருஷம் ஒரு பிள்ளையின் நீர்வர்ணப் படங்களை யன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டி, மழைக் காலத்தில் அப்படியே விட்டு, இரண்டில் புள்ளி விழுந்துவிட்டது. எங்கள் பிழை, காசும் கொடுத்தோம், ஆனால் படம் திரும்ப வராது. இப்போது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, கடதாசி வேலைகளை உள்சுவரில் மட்டும்தான் மாட்டுகிறோம், பின்பக்கத்தில் காற்றுப் போக இடைவெளி விட்டு. கன்வஸ் என்றால் பயமில்லை.

உங்கள் படங்களை நிறையப் பேர் பார்க்க வேண்டும் என்றால் கலா பொல இருக்கிறது, 1993இலிருந்து வருஷா வருஷம் விஹாரமஹாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்து வீதியோரத்தில் நடக்கும் ஓவியச் சந்தை, அங்கே ஓவியரே தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று விற்பார். லயனல் வென்ட் மண்டபத்தின் கூடங்களில் கண்காட்சி வைப்பது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கனவு, வைக்கத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் பார்த்த அளவில் கொழும்பு 7க்குப் போய்க் கூடத்துக்குள் நுழையக் கூச்சப்படுகிற அன்ரிமார், இங்கே பற்றிஸ் கட்டச் சொல்லிவிட்டு நிற்கிற பத்து நிமிஷத்தில் படத்தைப் பார்க்கிறார்கள். "இது என்ன, முடிக்கேல்லையோ?" என்று கேட்பார்கள். சில நேரம் அது சரியான கேள்வி.

பாட்டு, வாத்தியம்?

ஸ்பீக்கர் இல்லாமல் என்றால் சரி. இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி கூடாது என்பது நாட்டுச் சட்டம், ஒன்பது மணிக்குப் பிறகு எதுவுமே கூடாது என்பது மேல்மாடி அன்ரியின் சட்டம், நாங்கள் பின்பற்றுவது இரண்டாவதை. வயலினும் புல்லாங்குழலும் இந்த அறைக்கு நன்றாக இருக்கும். மிருதங்கம் சின்ன அறையில் கொஞ்சம் அடிக்கும், ஒரு போர்வையைச் சுவரில் தொங்கவிட்டுச் சமாளிக்கிறோம். அரங்கேற்றத்துக்கு முன் ஒத்திகை பார்க்க விரும்பும் பிள்ளைகள் செவ்வாய் பின்னேரம் வரலாம், பட்டுச் சேலை கட்டி வரவேண்டிய அவசியமில்லை.

நாடகம் போடலாமா?

இரண்டு மூன்று பேர் நடிக்கிறது என்றால் இடம் காணும். பொதுமக்களுக்கு நாடகம் போடுவதென்றால் பிரதியை முன்கூட்டியே அரச சபையிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும், அதற்கான சட்டம் 1912ஆம் ஆண்டு வந்தது, கிட்டத்தட்ட என் கொள்ளுப்பாட்டியின் வயது. அதனால் இங்கே நடப்பது பெரும்பாலும் நாடக வாசிப்புத்தான், கையில் தாளோடு கதிரையில் இருந்தபடி. பழைய இலங்கை வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்த ஆட்களுக்கு இதில் ஒரு குறையும் தெரிவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள்.

தமிழ் தெரியாதவர்கள் வரலாமா?

தாராளமாக. வாசிக்க முன் யாராவது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள், பிறகு தமிழிலேயே கேட்க வேண்டியதுதான். முழுக்க மொழிபெயர்த்துப் பார்த்தோம், இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. சிங்களத்தில் எழுதுகிறவர்களும் வந்து வாசிக்கிறார்கள், அப்போது இதே ஏற்பாடு திரும்பிப் போகும். களுபோவிலையிலிருந்து வரும் ஒரு மல்லி (சிங்களத்தில் தம்பி) எங்கள் பலகையைப் பார்த்தே தமிழ் எழுத்து வாசிக்கப் பழகினார், அவர் முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த சொல் "சுண்டல்".

அரசியல் கதைக்கலாமா?

கதைக்காமல் எப்படி? கட்சிக் கூட்டம், தேர்தல் நோட்டீஸ் மட்டும் கிடையாது. சத்தம் கூடினால் அண்ணா வந்து மேசையைத் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருப்பார்.

பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

எங்கள் கடையை உண்மையில் நிரப்புவது கவிஞர்கள் இல்லை, ரியூசன் அம்மாமார். வெள்ளவத்தையில் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் எந்த ஒழுங்கையில் திரும்பினாலும் ஒரு வகுப்பு நடக்கும், பிள்ளை உள்ளே இருக்கும், அம்மா வெளியே ஒன்றரை மணித்தியாலம் நிற்பார். முன்பெல்லாம் மதிலோரம் குடை பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இப்போது இங்கே வந்து இருக்கிறார்கள். பழைய சேலைகளில் பைகள் தைக்கிற செவ்வாய்க்கிழமைக் குழு அவர்கள் தொடங்கியது, நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, கத்தரிக்கோல் மட்டும் வாங்கிக் கொடுத்தோம். சாதாரணதர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் பின் அறையைப் படிக்கிற பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம், அந்த வாரங்களில் வாசிப்பு இல்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

இலவசமாக இருக்க விட்டால் கடை எப்படி ஓடுகிறது?

கறுப்புக் கோப்பி 200 ரூபா, பால் கோப்பி 350, ரோல்ஸும் பற்றிஸும் வடையும் காலையிலேயே முடிந்துவிடும், பார்சல் வியாபாரம்தான் வாடகையைக் கட்டுகிறது. அதாவது ஒரு வடை வாங்கி ஓடுகிறவரின் காசில்தான் நாலு மணித்தியாலம் இருக்கிறவர் இருக்கிறார். இதை நாங்கள் மறைப்பதில்லை.

பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் பூட்டியிருக்க வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை, காஸ் இல்லை, பால்மாவுக்கு வரிசை, டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதில் கோப்பி மெஷினுக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கவே பயமாக இருந்தது. மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, சிரட்டைக்கரியில் கேத்திலை வைத்தோம். பாலும் இல்லை என்பதால் சுக்குக் கோப்பி மட்டும். வீட்டில் புழுக்கம் தாங்காத பக்கத்துத் தொடர்மாடிச் சனம் மெழுகுதிரியோடு வந்து இருந்தது, காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் போய்விட்டு நடந்தே திரும்பிய பொடியன்களும் வந்தார்கள். கடையில் அதிகமாக ஆள் இருந்ததும் குறைவாகக் காசு வந்ததும் அந்த மாதங்களில்தான். தங்கச்சி தன் காப்பு ஒன்றை அடைவு வைத்தாள். மீட்டுவிட்டோம்.

வைஃபை?

இருக்கிறது. வேகம் இல்லை.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் திறந்திருக்குமா?

ஆம், காலை எட்டிலிருந்து. திங்கட்கிழமை பூட்டு.

என் குடையை விட்டுவிட்டு வந்துவிட்டேன், இருக்கிறதா?

வாசலில் உள்ள மண்பானையில் பாருங்கள். இன்றைய கணக்கில் பதினொரு குடை, ஒரு சின்னப் பிள்ளையின் இடது செருப்பு, வீட்டுத் திறப்பு இரண்டு, ஒரு சுருதிப் பெட்டியின் மூடி. மழை வந்தால் எந்தக் குடையையும் எடுத்துக்கொண்டு போகலாம், நாளைக்குத் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள். கறுப்பு மரப்பிடி போட்டது மட்டும் என்னுடையது.